பதினேழாவது சத்தம்

புக்கிட் பெலண்டோக்
8 ஜூன் 2025

அன்புத் தங்கை லோகேஸ்வரிக்கு,

“பெரியம்மா, மழை உங்களுக்கு வலிக்காதா?”

நான்கு வாரத்துக்கு முன், கோயில் திருவிழா அன்று, என் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே நின்று உன் மகள் நிவாஷினி என்னைக் கேட்ட கேள்வி இது. முப்பத்து மூன்று ஆண்டுகள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆறு வயதுப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்வி எதுவானாலும் ஒரு பதில் வைத்திருப்பேன். பல்லிக்கு வால் ஏன் மறுபடி முளைக்கிறது என்றால் பதில் உண்டு. நிலா ஏன் கூடவே வருகிறது என்றால் அதற்கும் உண்டு. இதற்கு மட்டும் இல்லை. பதில் தேடுவதற்குள் நீ அவளைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டாய்.

அன்றிலிருந்து புலனத்தில் என்னை அடைத்துவிட்டாய். ஐந்து செய்தி அனுப்பினேன். ஐந்துக்கும் ஒற்றைக் குறிதான் விழுந்தது. அதனால்தான் தபால் தலை வாங்கி ஒட்டியிருக்கிறேன்.

நான் அன்று பேசியது அதிகமாக இருக்கலாம். ஆனால் லோகா, நீயும் யோசித்துப் பார். விருந்து நடக்கிற வீட்டில் ஒரு பிள்ளை மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு வீறிட்டால் பெரியவர்கள் ஏதாவது சொல்லத்தானே செய்வார்கள்? என் வகுப்பில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் பென்சில் சீவினாலே அழுவான். இரண்டு அதட்டு அதட்டினேன், சரியாகிவிட்டான். சரியானானா, அடங்கினானா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

வரும் ஜனவரியில் நிவா பள்ளிக்கூடம் போக வேண்டும். அதை நினைத்துத்தான் பேசினேன். பதில் எழுது. திட்டுவதாக இருந்தாலும் எழுது.

உன் அக்கா,
குமுதவல்லி

*

சுங்கை காடுட்
21 ஜூன் 2025

அக்காவுக்கு,

கடிதத்தைச் சத்தியசீலன்தான் முதலில் பிரித்துப் பார்த்தார். லாரியை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் புறப்படுகிற அவசரத்திலும், “உங்க அக்கா கடுதாசி போட்டிருக்காங்கடி. ஸ்டாம்ப் எல்லாம் ஒட்டி! வாட்ஸ்அப்புக்குப் புலனமாம், புலனம்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் அன்று பேசியது “அதிகமாக இருக்கலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன பேசினீர்கள் என்று நான் எழுதுகிறேன். “சொன்னா கேக்குற புள்ளையா இது? செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கே.” பதினான்கு பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன்.

அவள் அடம் பிடிக்கவில்லை அக்கா. பேரங்காடிக் கழிப்பறையில் கை காயவைக்கும் இயந்திரம் ஊதினால் வாந்தி எடுக்கிறாள். பாலர் பள்ளியில் யாருக்காவது பிறந்தநாள் பாட்டுப் பாடிக் கைதட்டினால் கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறாள். மூன்று தடவை ஓடினாள். மூன்றாம் தடவை சாலை வரைக்கும். அதோடு அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷி, ஒளிக்காமல் பேசினார். “மண்டபத்துல மத்தப் புள்ளைங்களோட உக்கார முடியுதான்னு பாப்போம்மா. ஓடிப் போயிட்டா எங்களால பொறுப்பேத்துக்க முடியாது. அப்ப இன்னொரு வருசம் வீட்டுல வச்சிருங்க.” நான் வேலையை விட வேண்டியிருக்கும், அதை விடுங்கள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு போவதை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, “நான் எப்பம்மா?” என்று கேட்கிறாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை.

ஆலையில் இரும்புத் தகடு அமுக்கும் பகுதிக்குள் போகும்போது நாங்கள் போடும் காதுமூடி இருக்கிறதல்லவா, அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து அவளுக்கு மாட்டிவிட்டேன். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை கழற்றுவதில்லை. நிம்மதியாக இருக்கிறாள். நானும்தான்.

பக்கத்து ஊரான பாரோயில் ஒலியையும் இசையையும் வைத்து இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஒருவர் இருக்கிறாராம். அடுத்த வாரம் போகிறோம்.

போன் செய்யாதீர்கள். மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். எழுதுவதானால் எழுதுங்கள். கடிதம் சத்தம் போடாது.

லோகேஸ்வரி

*

புக்கிட் பெலண்டோக்
2 ஜூலை 2025

அன்பு லோகா,

காதுமூடி, ஒலிப் பயிற்சி என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே, நிவாவுக்குக் காது கேட்கவில்லையா? ஏனம்மா முன்பே சொல்லவில்லை? “சொன்னால் கேட்பதில்லை” என்று எத்தனையோ பிள்ளைகளின் அறிக்கையில் எழுதிய கை இது. நிஜமாகவே கேட்காத பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டேனே என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இசையால் சரியாகும் என்று நீ எழுதியதைப் படித்ததும்தான் தெம்பு வந்தது. இசைக்கா நம் செம்பனைத் தோட்டத்தில் பஞ்சம்? கோயில் தலைவரிடம் சொல்லிப் பக்திப் பாடல்கள் அறுபத்து நான்கைப் பென்டிரைவில் ஏற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காலையில் விநாயகர், மத்தியானம் அம்மன், மாலையில் முருகன். நல்ல சத்தமாக வை. செடிக்கு ஒரு சொட்டு ஊற்றினால் போதுமா? வேர் நனைய ஊற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டு ராக்கம்மா இன்னும் ஒரு படி மேலே போய்விட்டாள். “ஒரு வெள்ளிக்கிழமை உறுமி மேளம் கூப்பிட்டு புள்ள பக்கத்துல நின்னு அடிக்கச் சொல்லுங்க டீச்சர், எல்லாம் தெறிச்சு ஓடிரும்” என்கிறாள். உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன்.

அக்கா

*

சுங்கை காடுட்
20 ஜூலை 2025

அக்கா,

உறுமி வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

காது நன்றாகக் கேட்கிறது. மருத்துவமனையில் சோதித்துவிட்டோம். அதிகமாகக் கேட்பதுதான் சிக்கல். உங்கள் அறுபத்து நான்கு பாட்டையும் சத்தியசீலன் லாரியில் போட்டுக் கேட்கிறார். கிள்ளான் போய்த் திரும்பி இறங்கும்போது நெற்றியில் திருநீறு மட்டும்தான் இல்லை.

பாரோயில் இருப்பவர் பெயர் ரஜியா. என்னைவிடப் பத்து வயது சின்னவள். கடை வரிசையில் மாடியில் அவள் அறை. கீழே அவள் வாப்பா லியாக்கத் அலியின் சாப்பாட்டுக் கடை. கரண்டி கல்லைச் சுரண்டுகிற சத்தம் படியேறி வருகிறது. “சத்தத்துக்குப் பயப்படுற புள்ளைங்களுக்கு இங்கதான் எடம் கெடைச்சுச்சா?” என்று கேட்டுவிட்டேன். “வாப்பா எடம் அக்கா, வேற எங்க போறது? இந்தப் படியில அழாம ஏறி வர்ற நாள்தான் எங்களுக்குப் பரீட்சை லா” என்று சிரித்தாள்.

முதலில் அவள் பார்த்தது நிவாவை இல்லை, காதுமூடியைத்தான்.

“நாள் பூரா இதைப் போட்டிருக்காளா அக்கா?”

“ஆமா. அதைப் போட்டா அமைதியா இருக்கா.”

“இருட்டு ரூம்ல பூட்டி வச்ச ஆளு வெளிய வந்தா கண்ணு எப்படிக் கூசும்? காதும் அப்படித்தான். பட்டாசு வெடிக்குதா, போடுங்க. சாப்பிடுறப்பவும் வெளையாடுறப்பவும் எதுக்கு?”

ஆலையில் என் காதைக் காப்பாற்றுகிற பொருள், வீட்டில் அவள் காதை இன்னும் கூச வைத்துவிட்டது. ஆலைக்காரி மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்வாள்.

ரஜியா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குத்தான் உதாரணம் பிடிக்குமே. “காது வாசல் மாதிரி அக்கா. உள்ள மூளையில காவலுக்கு ஒரு ஜாகா நிக்கிறாரு. யாரை உள்ள விடணும், யாரை வெளிய நிறுத்தணும்னு அவருதான் பாக்கணும். இவ ஜாகா எல்லாரையும் ஒரே நேரத்துல உள்ள விட்டுர்றாரு. ஃபேன் சத்தமும் அம்மா குரலும் ஒரே அளவுல வந்து மோதுது.”

தலையில் மாட்டும் ஒலிக்கருவி ஒன்று கொடுத்திருக்கிறாள். அதில் வரும் இசையில் சில ஒலிகளை எடுத்துவிட்டு, நாளாக நாளாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். உச்சந்தலையில் படும் சின்னத் துண்டு ஒன்று எலும்பு வழியாகவும் மெல்ல அதிர்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, முறைக்கு அரை மணி நேரம். அந்த நேரத்தில் போன், டிவி கிடையாது. மாவு பிசையலாம், படம் வரையலாம், ஊஞ்சல் ஆடலாம்.

சரியாகிவிடுமா என்று கேட்டேன். அவள் சத்தியம் எல்லாம் செய்யவில்லை. “சில புள்ளைங்களுக்கு நல்லா உதவுது. சிலருக்குக் கொஞ்சம்தான். பாட்டு மட்டும் பத்தாது அக்கா, ஊஞ்சல், ஓட்டம், மாவு எல்லாம் சேந்துதான்” என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடித்தது.

லோகா

*

புக்கிட் பெலண்டோக்
17 ஆகஸ்டு 2025

அன்பு லோகா,

ஜாகா உதாரணத்தை நான் கண்டுபிடிக்கவில்லையே என்று பொறாமையாக இருக்கிறது. பெரிய நிறுவனத்து வாசலில் ஜாகா தூங்கிவிட்டால் என்ன ஆகும்? காய்கறிக்காரர், காப்புறுதிக்காரர், தெருநாய் எல்லாம் முதலாளி மேசைக்கே வந்துவிடும். முதலாளி கத்தத்தானே செய்வார்? இதை ராக்கம்மாவிடம் விளக்கினேன். உறுமி யோசனையை விட்டுவிட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. பாட்டு அனுப்பியதுதானே தவறு, சத்தங்களைச் சின்னதாக, ஒவ்வொன்றாக அனுப்பினால் என்ன என்று தோன்றியது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு பத்து நாள் தோட்டத்தைச் சுற்றினேன். மொத்தம் பதினாறு சத்தம். பென்டிரைவில் ஏற்றி, பட்டியலும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதலாவது ரொட்டிக்காரர் மோட்டாரின் ‘பாம் பாம்’. இரண்டாவது ராக்கம்மா வீட்டு ஆடு. மூன்றாவது செம்பனைக் குலை தரையில் விழும் சத்தம். அதற்காகக் குலை வெட்டுகிற சன்னாசியைக் கெஞ்சி நாலு முறை நிற்க வைத்தேன். “டீச்சர், கொல விழுறது என்ன கச்சேரியா?” என்று கேட்டுக்கொண்டே வெட்டினார். குழாய்த் தண்ணீர், புல்வெட்டும் இயந்திரம், கோயில் மணி, தகரத்தில் தூறல் என்று போகிறது.

பதினாறாவதுதான் முக்கியமானது, பள்ளிக்கூட மணி. நான் வேலை பார்த்த பள்ளிக்கே போய், அனுமதி கேட்டு, மணிக்குக் கீழே நின்று பதிவு செய்தேன். ஜனவரியில் அவள் கேட்கப் போகும் மணியும் இதே வகைதான்.

ரஜியாவிடம் கேட்டுவிட்டுக் கொடு. இந்த முறை கேட்டுவிட்டுத்தான்.

அக்கா

*

சுங்கை காடுட்
14 செப்டம்பர் 2025

அக்கா,

ரஜியாவுக்கு உங்கள் பதினாறு சத்தமும் பிடித்துப்போயிற்று. “இது தெரபி இல்லக்கா, வெளையாட்டு. ஆனா நல்ல வெளையாட்டு. ஒரே ஒரு சட்டம். வால்யூம் குமிழ் அவ கையில மட்டும்தான். நீங்க தொடக்கூடாது” என்றாள்.

பென்டிரைவ் செருகுகிற, குமிழ் வைத்த பழைய வானொலி ஒன்று வீட்டில் இருந்தது. நிவா அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் காகிதம் ஒட்டிப் பூச்சியத்திலிருந்து பத்து வரை எழுதிவிட்டாள். ஆட்டை எட்டில் வைத்துக் கேட்கிறாள். குலை விழுவதைப் பத்தில் வைத்துச் சிரிக்கிறாள். புல்வெட்டும் இயந்திரம் ஒன்றைத் தாண்டவில்லை. பள்ளி மணியை முதல் நாள் பூச்சியத்தில் வைத்து “கேட்டுட்டேன்” என்றாள். போன வாரம் அது நான்கு. நான்கு அக்கா! சத்தியசீலன் அவளைத் தூக்கிச் சுற்றினார்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

பட்டியலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். “பெரியம்மா பதினாறுன்னு எழுதியிருக்காங்க. பதினேழு இருக்கும்மா” என்றாள். நான் கவனிக்கவே இல்லை. மணி அடித்து முடிந்ததும் அந்தப் பதிவு நிற்கவில்லை. யாரோ ஒரு பையன் ஈரத்தரையில் ஓடியிருக்கிறான் போல. “டேய்! யாருடா அது? நில்லு அங்கயே! ஒடம்புல பயம் இருக்கா? திரும்பி நட!” என்று உங்கள் குரல் வருகிறது. இன்னும் நிறைய வருகிறது.

மணியை நான்கில் வைத்துக் கேட்கிறவள், அந்த இடம் வருவதற்கு முன்பே குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிடுகிறாள். ஒவ்வொரு தடவையும். எந்த நொடியில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஏன் என்று கேட்டேன். “மணி அடிச்சா முடிஞ்சிரும். பெரியம்மா முடிய மாட்டாங்க” என்றாள்.

கோபத்தில் எழுதவில்லை அக்கா. கோபம் இருந்தபோது இதைவிடச் சுலபமாக எழுத வந்தது.

லோகா

*

புக்கிட் பெலண்டோக்
12 அக்டோபர் 2025

அன்பு லோகா,

நான்கு வாரம் பதில் எழுதவில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் என் பக்கத்து நியாயம் இருந்தது. நாற்பத்து மூன்று பிள்ளைகள், தலைக்கு மேல் கடகடக்கும் விசிறி, ஜன்னலுக்கு வெளியே லாரி. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமே என்று வளர்ந்த குரல் இது என்று எழுதியிருந்தேன். உண்மைதான். ஆனால் ஓய்வு பெற்றது நான் மட்டும்தான், குரலுக்கு ஓய்வு கொடுக்க மறந்துவிட்டேன். இப்போது என் வீட்டில் கடைசி வரிசை எது? அடுப்படி.

அந்தப் பதிவை நானும் கேட்டேன். அறுபத்தோரு வயதில் என் குரலை முதன்முதலாக வெளியே நின்று கேட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன். நிவா செய்ததையேதான் நானும் செய்தேன்.

ராக்கம்மாவிடம் கேட்டேன். “என் குரல் அவ்வளவு பெரிசா? இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை சொல்லலையே?”

“நீங்க பேசினா எங்க வீட்டு நாய் உக்காந்துரும் டீச்சர். வேற என்னா சொல்ல?”

“என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீங்க கேக்குற ஆளா?”



திருவிழா அன்று அந்தப் பிள்ளையின் தலைமேல் மழையும் நானும் ஒரே நேரத்தில் பெய்திருக்கிறோம். மழைக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினான்கு பேர் முன்னால் நான் சொன்ன வார்த்தையை எடுத்துக்கொள்கிறேன், லோகா. தவறாக “இருக்கலாம்” என்று இல்லை. தவறு.

இப்போது மாலையில் ராக்கம்மாவோடு பயிற்சி செய்கிறேன். அவள் ஐந்து அடி தள்ளி நிற்பாள். நான் பேசுவேன். “கேக்குது, கேக்குது, இன்னும் கொறைங்க” என்பாள். மறந்து ஏறிவிட்டால் கையைத் தூக்குவாள். முதல் நாள் முழுக்கத் தூக்கிய கையை அவள் இறக்கவே இல்லை.

அடுத்த வாரம் தீபாவளி. கூப்பிட்டு வற்புறுத்த மாட்டேன். நிவாவைக் கேள். அவள் வேண்டாம் என்றால் முறுக்கை அனுப்பி வைக்கிறேன்.

அக்கா

*

சுங்கை காடுட்
9 நவம்பர் 2025

அக்கா,

நீங்கள் தீபாவளி அன்று அவ்வளவு மெதுவாகப் பேசியிருக்க வேண்டாம்! “வடை எடுத்துக்கோ” என்று நீங்கள் சொன்னது சத்தியசீலன் காதில் “கடையை மூடிக்கோ” என்று விழுந்ததாம். எந்தக் கடை என்று வரும் வழியெல்லாம் யோசித்திருக்கிறார். நிவா உங்கள் கையைப் பிடித்து இழுத்து, “பெரியம்மா, ரெண்டு கேக்கல. நாலு. நாலுல பேசுங்க” என்றாளே, அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். முறுக்கு மாவு கண்ணில் பட்டுவிட்டது என்றீர்கள். சரி.

பின்வரிசை வீட்டில் யாரோ பட்டாசு கொளுத்தியதும் மேசைக்கு அடியில் போனாள். ஆனால் யாரும் கூப்பிடாமல் தானாகவே வெளியே வந்தாள். ரஜியாவிடம் சொன்னபோது, “போனதைக் கணக்குல எடுக்காதீங்க, வந்ததை எடுங்க” என்றாள். கடைப் படிகளிலும் இப்போது அழாமல் ஏறுகிறாள். லியாக்கத் அலி அண்ணன் அவள் வருவதைப் பார்த்தால் கல்லைச் சுரண்டுவதை நிறுத்திவிடுவார். “வாப்பா, நிறுத்தாதீங்க! பரீட்சைல காப்பி அடிக்க விடுறீங்களே” என்று மேலிருந்து ரஜியா திட்டுவாள்.

நல்ல செய்தி இதோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை பள்ளியில் புதுப் பிள்ளைகளுக்கான அறிமுக நாள். மண்டபத்தில் பத்து நிமிடம் நன்றாக உட்கார்ந்திருந்தாள். ஒலிவாங்கி திடீரென்று ‘கீ’ என்று கத்தியது. ஓடிவிட்டாள். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சாலைக்குப் போகவில்லை. தலைமையாசிரியை, “ஜனவரி பன்னெண்டு பாப்போம்மா” என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

வீட்டுக்கு வந்து, “நான் தோத்துட்டேனாம்மா?” என்று கேட்டாள்.

லோகா

*

புக்கிட் பெலண்டோக்
16 நவம்பர் 2025

அன்பு லோகா,

அவள் தோற்கவில்லை. சாலைக்கும் வாசலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று தலைமையாசிரியையிடம் நான் சொல்கிறேன்.

ஒன்று யோசித்துப் பார். காரில் போகும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வாந்தி வருகிறது, ஓட்டுகிறவருக்கு வருவதில்லை. ஏன்? அடுத்த வளைவு எப்போது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியும். நிவா அந்த மண்டபத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுகிற இடத்தில் ஒருமுறை உட்கார வைத்துப் பார்க்கலாமே.

உன் பள்ளித் தலைமையாசிரியை எனக்குப் பயிற்சிக் கல்லூரியில் இளையவர். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அரை மணி நேரம் மண்டபத்தைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒலிவாங்கியை நிவாவே பிடிக்கட்டும், அவளே போடட்டும், அவளே அணைக்கட்டும். அது ஏன் ‘கீ’ என்கிறது என்று யாராவது அவளுக்குச் சொல்லட்டும். நான்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. நான் வாசலிலேயே நிற்கிறேன். ரஜியாவிடம் முதலில் கேட்டுக்கொள்.

தலைமையாசிரியையிடம் தொலைபேசியில் பேசி முடித்ததும் ராக்கம்மா கையைத் தட்டினாள். ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லையாம்.

அக்கா

*

சுங்கை காடுட்
13 ஜனவரி 2026

அக்கா,

நேற்று உட்கார்ந்தாள்.

நீங்கள் தவித்துக்கொண்டிருப்பீர்கள் என்று அதை முதலில் எழுதிவிட்டேன். இனி முறையாக எழுதுகிறேன்.

மூன்று வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குப் போனோமே, அது வீண் போகவில்லை. ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால்தான் கத்தும் என்று அவளே கண்டுபிடித்தாள் அல்லவா? நேற்றுக் காலை மேடையில் யாரோ அப்படியே செய்யப் போக, நிவா அது கத்துவதற்கு முன்பே காதைப் பொத்திக்கொண்டாள். கத்தி முடிந்ததும் கையை எடுத்துவிட்டாள். பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிர்ந்துபோனார்கள். தேசியப் பண்ணுக்கு எழுந்து நின்றாள். நான் வேலிக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்திருந்தேன். கையில் துருவெல்லாம் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு வகுப்பு. அவள் வகுப்பாசிரியை மயிலம்மாள். நல்லவர், ஆனால் அக்கா, உங்களுக்குத் தங்கை நான் இல்லை, அவர்தான். “எல்லாரும் கையக் கட்டுங்க!” என்றது வேலிக்கு வெளியே எனக்குக் கேட்டது. போச்சு, இப்போது கதவு திறக்கும், ஓடி வருவாள் என்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றேன்.

கதவு திறக்கவில்லை. என்ன நடந்தது என்று மயிலம்மாள் டீச்சரே பள்ளி விட்டதும் சொன்னார். நிவா எழுந்து மேசைக்குப் போயிருக்கிறாள். “டீச்சர், நீங்க ஒம்போதுல இருக்கீங்க. அஞ்சுக்கு வர்றீங்களா?”

“என்னாம்மா அது ஒம்போது?”

“வால்யூம் டீச்சர்.”

டீச்சர் முதலில் முறைத்தாராம். பிறகு அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். “எங்க வீட்டுக்காரரு இருவது வருசமா சொல்லத் தெரியாம தவிக்கிறதை இவ நம்பர் போட்டுச் சொல்லிட்டா” என்று என்னிடம் சொன்னார். பலகையின் ஓரத்தில் ஐந்து என்று எழுதி வட்டம் போட்டாராம். அதற்குள் மற்றப் பிள்ளைகளும், “டீச்சர், ஆறு! ஆறு!” என்று ஆரம்பித்துவிட்டார்களாம்.

இன்றும் போயிருக்கிறாள். இன்று ஆலைக்குப் போகாமல் விடுப்பு எடுத்திருந்தேன், ஓடி வந்தால் பிடிக்க. யாரும் ஓடி வரவில்லை. மத்தியானம் வரை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியை இரண்டு தடவை அடுக்கினேன்.

தலைமையாசிரியை உங்களை ஒரு காரியம் கேட்கச் சொன்னார். பெற்றோருக்குக் கொடுக்கிற மாதத் தாளில் சத்தத்துக்குத் துன்பப்படும் பிள்ளைகளைப் பற்றி நாலு வரி எழுத வேண்டுமாம். இன்னும் இரண்டு பிள்ளைகள் அப்படி இருக்கிறார்களாம். “உங்க அக்கா உதாரணம் நெறைய சொல்லுவாங்களே” என்றார். நாலு வரிதான் அக்கா, நாற்பது இல்லை.

உங்களைப் புலனத்தில் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதம் எழுதுங்கள். நிவாவுக்கு இப்போது ‘பெ’ எழுத்து தெரியும். உறைமேல் உங்கள் பெயரைத் தேடுகிறாள். அதில் பெரியம்மா என்று இல்லையே என்று கேட்கிறாள்.

லோகா

*

புக்கிட் பெலண்டோக்
18 ஜனவரி 2026

அன்பு லோகா,

உன் கடிதத்தை ராக்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மண்டபம் வந்த இடத்தில் என் குரல் எங்கேயோ ஏறிவிட்டது. அவள் கையைத் தூக்கவே இல்லை. அன்று நாங்கள் இருவரும் பத்தில்தான் இருந்தோம்.

இந்த உறைமேல் ‘பெரியம்மா’ என்றே எழுதியிருக்கிறேன். தபால்காரர் என்ன நினைத்தாலும் சரி. நிவாவுக்கு என் முத்தம். மயிலம்மாளுக்கு என் அனுதாபம், பழகிவிடும் என்று சொல்.

மாதத் தாளுக்கு முதலில் நான்கு பக்கம் எழுதினேன். ஜாகாவும் காரும் இருட்டறையும் எல்லாம் வந்துவிட்டன. படித்துப் பார்த்தால் நான் மறுபடி பள்ளிக்கூடம் நடத்துகிறேன். அடித்துவிட்டேன். இதை மட்டும் கொடு:

“பெற்றோருக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. சில பிள்ளைகளுக்குச் சத்தம் அடி மாதிரி விழும். அவர்கள் அடங்காத பிள்ளைகள் அல்லர். இதைப் பற்றித் தெரிந்தவர்களிடம் காட்டினால் உதவி கிடைக்கும், நாளாகும், பொறுமை வேண்டும். அதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்று மாலை உங்கள் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போது கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து, பிறகு தனியாக உட்கார்ந்து அதை ஒருமுறை முழுவதும் கேளுங்கள்.”

உன் அக்கா,
குமுதவல்லி